எட்டு நாள், ஒரே பை: ஹம்பிக்குத் தனியாகப் போகிறேன், எதை எடுக்க, எதை விட?

வாய்க்கால்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் கோபி பக்கம், வேலை திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில். பொங்கல் முடிந்த வாரம் ஆர்டர் மந்தமாக இருக்கும் என்று எட்டு நாள் லீவு கேட்டு வாங்கியிருக்கிறேன். திருப்பூரில் ஏறி பெங்களூர், அங்கிருந்து இரவு ரயிலில் ஹொசப்பேட்டை, ஹம்பியில் நான்கு இரவு, அப்புறம் பாதாமியில் இரண்டு இரவு. தனியாக. இதற்கு முன் தனியாகப் போன தூரம் என்றால் சென்னைதான், அதுவும் இன்டர்வியூவுக்கு.

நேற்று சோதனைக்குப் பெட்டி கட்டிப் பார்த்தேன். பெரிய ட்ராலி. பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்தால் 14.5 கிலோ. சுடிதார் ஆறு செட், ஜீன்ஸ் ஒன்று, நைட்டி இரண்டு, டர்க்கி டவல் இரண்டு, ஷூ, செருப்பு, ஸ்வெட்டர், போர்வை. இதுபோக அம்மாவின் பங்கு தனி: பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய், அரை லிட்டர் தேங்காய் எண்ணெய், ஒரு டப்பா கச்சாயம் (எங்கள் பக்கத்து வெல்லப் பலகாரம்). "வழியில ஒண்ணும் கெடைக்காட்டி என்ன அம்மிணி பண்ணுவ?" என்கிறார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எதைத் தொட்டாலும் வேண்டும் போலத்தான் இருக்கிறது. தனியாகப் போய் வந்த அக்காமார் யாராவது வழி சொல்லுங்கள்.

நொய்யல் எழுதியது:

முதலில் அந்த ட்ராலியை அட்டாலியில் திரும்பப் போடுங்கள். ஹம்பியில் தரையே பாறை. விருபாட்சர் கோயிலிலிருந்து விட்டலர் கோயிலுக்கு ஆற்றோரமாக நடந்தால் இரண்டு கிலோமீட்டர் வரும், பாதி தூரம் கல்படிதான். அங்கே பெட்டியை யாரும் இழுத்துக்கொண்டு போகப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் தங்கும் இடத்துச் சந்தில் இழுப்பதற்கே சக்கரம் அழும்.

இரண்டாவது விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். பத்து வருடத்துக்கு முன் வடக்கே ஒரு ஜங்ஷனில் அதிகாலை மூன்றரை மணிக்கு இறங்கினேன். அடுத்த ரயில் ஏழு மணிக்கு. என்னிடம் ஒரு பெரிய பெட்டி, ஒரு தோள் பை, ஒரு கட்டைப்பை. கழிவறைக்குப் போக வேண்டும். கதவு ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அகலம். பெட்டியை வெளியே விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, பார்த்துக்கொள்ளச் சொல்லவும் நம்பிக்கையான ஆள் யாரும் இல்லை. ஏழு மணி வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாகம் எடுத்தும் தண்ணீர் குடிக்கவில்லை. ஊர் திரும்பிய மூன்றாம் நாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஐந்து நாள் மாத்திரை.

குடும்பமாகப் போனால் ஒருவர் பையைப் பார்த்துக்கொள்வார், ஒருவர் போய் வருவார். தனியாகப் போகிறவளுக்கு அந்த ஒருவர் கிடையாது. அதனால் எனக்கு இப்போது ஒரே கணக்குத்தான்: முதுகில் மாட்டியபடியே கழிவறைக்குள் நுழைந்து, உட்கார்ந்து, எழுந்து வர முடிகிற பை. அது 30 லிட்டரோ 35 லிட்டரோ இருக்கும். எடை ஆறு, ஏழு கிலோ. உங்கள் வீட்டு பாத்ரூமிலேயே ஒத்திகை பாருங்கள். சிரிக்க வேண்டாம், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

வண்டிக்காரன் எழுதியது:

தங்கச்சி, ஸ்லீப்பர் வகுப்பில் ரயில்வே 40 கிலோ வரை இலவசமாக விடுகிறது. 14 கிலோவெல்லாம் ஒரு பாரமா? பாதுகாப்புக்கு எடுக்க வேண்டியதைச் சொல்கிறேன்: மிளகு ஸ்ப்ரே, விசில், டார்ச், கூடுதல் பேட்டரி, நைலான் கயிறு, சின்னக் கத்தி, சங்கிலிப் பூட்டு இரண்டு, கதவுக்கு அலாரம், பவர் பேங்க் இரண்டு. முடிந்தால் கூட யாரையாவது அழைத்துப் போவது இன்னும் நல்லது.

பூனம்சேலை எழுதியது:

அண்ணா, இவ்வளவையும் தூக்கிக்கொண்டு போனால் பார்க்கிறவன்தான் பயந்து ஓடுவான்.

நொய்யல் எழுதியது:

ரயில்வே 40 கிலோ விடும். பெங்களூரில் பிளாட்பாரம் மாறும்போது படியில் தூக்க ரயில்வே வராது.

பனியன்கம்பெனி எழுதியது:

துணியைப் பற்றி மட்டும் பேசுகிறேன், அதுதான் என் பிழைப்பு. நீங்களும் திருப்பூர்தான், உங்களுக்குத் தெரியாததில்லை. ஆனால் நம் ஊர்க்காரர்கள் கம்பெனியில் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு) பார்ப்போம், பை கட்டும்போது பார்க்க மாட்டோம்.

எட்டு நாளைக்கு ஆறு செட் எதற்கு? தினமும் ஒரு செட் துவைத்துப் போட்டால் மூன்று போதும். கேள்வி என்னவென்றால் ராத்திரி துவைத்தது விடிவதற்குள் காயுமா என்பதுதான். பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தைச் சாதாரணமாகவே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டருக்கு அது 0.4தான். ரயான் பருத்தியைவிட மோசம். நம் பெண்கள் விரும்பி வாங்கும் ரயான் குர்த்தி நனைந்தால் இரண்டு மடங்கு கனக்கும், மறுநாள் மத்தியானம் வரை சொட்டும். அதை வீட்டில் வையுங்கள். ஜீன்ஸையும்தான். முக்கால் கிலோவுக்குப் பக்கம் வரும், காய இரண்டு நாள்.

அதற்காக எல்லாமே பாலியஸ்டர் என்றும் போகாதீர்கள். விலை குறைந்த டிரைஃபிட் இரண்டாம் நாளே வியர்வை நாற்றம் அடிக்கும். பருத்தி அப்படி இல்லை. நான் என் மனைவிக்குச் சொன்னது: மேலே போட மெல்லிய பருத்திக் குர்தா இரண்டு, பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த டீஷர்ட் ஒன்று, கீழே போட அடர்நிறத்தில் லேசான பேன்ட் இரண்டு. எல்லா மேலுக்கும் எல்லாக் கீழும் சேர வேண்டும். காதர்பேட்டையில் ஒரு மணி நேரம் தேடினால் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் எல்லாமே கிடைக்கும். 180 ஜிஎஸ்எம் டீஷர்ட் 150 கிராம் வரும், 140 ஜிஎஸ்எம் எடுத்தால் 30 கிராமாவது குறையும். வாங்கும்போது தையலைத் திருப்பிப் பாருங்கள், அது போதும்.

கைத்தறிக்காரி எழுதியது:

டர்க்கி டவல் இரண்டா? ஒன்றே நானூறு கிராம், ஈரமானால் கேட்க வேண்டாம். நான் சென்னிமலை. ஈரிழைத் துண்டு என்று கடையில் கேளுங்கள். நூற்றைம்பது கிராமுக்குள் இருக்கும், மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரத்தில் காயும். முதல் இரண்டு துவைப்புக்கு மொடமொடப்பாக இருக்கும், அப்புறம் நன்றாகத் தண்ணீர் இழுக்கும். ஊரிலேயே இரண்டு தடவை துவைத்து எடுத்துப் போங்கள்.

இதில் இன்னொரு வேலையும் ஆகும். துவைத்த குர்தாவைத் துண்டின் மேல் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி, இரண்டு பக்கமும் முறுக்குங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். துண்டைப் பிழிந்து காயப்போட வேண்டியதுதான்.

போர்வை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, எங்கள் பொழப்பே அதுதான். ஆனால் முக்கால் கிலோ, ஒரு கிலோ. ரயிலில் ஒரு பெரிய துப்பட்டாவே போதும்.

பூனம்சேலை எழுதியது:

எல்லோரும் குர்தா, பேன்ட் என்கிறீர்கள். நான் சேலைக்காரி. வயது 52, கூட்டுக் குடும்பம், பல்லடம் பக்கம். மாமியார் போன பிறகு மூன்று வருடமாகத் தனியாகப் போகிறேன். காசி, பூரி, நாசிக். கடையில் பூனம் என்று ஒரு சேலை விற்கிறார்கள் இல்லையா, அதில் இரண்டு, ஜாக்கெட் இரண்டு, பாவாடை ஒன்று. நெகமம் சேலைதான் என் உயிர், ஆனால் அது பையில் பாதி இடத்தைப் பிடிக்கும். பூனம் சேலையை உள்ளங்கையில் அடக்கலாம், ராத்திரி அலசிப் போட்டால் நாலு மணிக்குக் காய்ந்திருக்கும். குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம். கதவு சரியில்லாத இடத்தில் மறைப்புக்குக் கட்டலாம்.

நகை விஷயமும் சொல்லிவிடுகிறேன். தாலிக்கொடியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிறில் போய் வந்தேன். நாத்தனார் ஒரு மாதம் பேசினார். ஆனால் ரயிலில் நான் தூங்கினேன். கொடியோடு போன முதல் தடவை கழுத்தில் கை வைத்தபடியே விடிய விடிய உட்கார்ந்திருந்தேன்.

பணம் வைக்க என் அமுச்சியின் (அம்மாவின் அம்மா) யோசனைதான், சுருக்குப்பை. இடுப்பில் செருகினால் யாருக்கும் தெரியாது. கடையில் மனி பெல்ட் என்று விலை போட்டு விற்கிறார்களே, அதேதான், அதில் வெற்றிலை பாக்கு இல்லை, அவ்வளவுதான்.

வாய்க்கால்கரை எழுதியது:

நொய்யல் அக்கா, ஒத்திகை பார்த்தேன். ட்ராலியோடு எங்கள் வீட்டு பாத்ரூமுக்குள் போனேன். கதவைச் சாத்த முடியவில்லை. தம்பி வெளியே நின்று சிரித்தான். ஆபீஸ் தோழியிடம் 35 லிட்டர் முதுகுப்பை இரவல் வாங்கிவிட்டேன்.

இப்போது 9.2 கிலோ. தடை எங்கே என்றால் நைட்டி. நைட்டி இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. அப்புறம் அந்த எட்டு நாளுக்குள் மாதவிடாய் வரும். ஒரு பெரிய பாக்கெட் நாப்கின் பையில் கால்வாசி இடத்தை எடுத்துக்கொள்கிறது.

நாற்பதாவது வளைவு எழுதியது:

நான் வால்பாறை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் என் வீட்டுக்கு வர முடியும், அதனால் கனமான பையோடு பஸ்ஸில் நிற்பது பற்றி என்னிடம் கேளுங்கள். ஆடி மாதம் இங்கே துணி மூன்று நாளானாலும் காயாது. பனியன்கம்பெனி சொன்னதை மலைக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டோம்.

நைட்டிக்குப் பதில்: முட்டி வரை வரும் ஒரு பழைய டீஷர்ட்டும் மெல்லிய பேன்ட்டும். ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் அப்படியே திறந்து பேசலாம், நைட்டி என்றால் மேலே துண்டைத் தேடுவோம். ரயிலிலும் அதிலேயே தூங்கலாம். நைட்டி ஒரு இடத்துக்குத்தான் உதவும், நான்கு சுவருக்குள்.

மாதவிடாய்: நான் நாப்கினுக்குப் பதில் உள்ளே வைக்கிற மாதவிடாய்க் கப் பயன்படுத்துகிறேன். ஒரு கப், எடை என்று சொல்லவே ஒன்றும் இல்லை, 12 மணி நேரம் வரை தாங்கும், மாதம் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் வருடக்கணக்கில் வரும். ஆனால் முதல்முறையாக ஹம்பியில் போய் முயற்சி செய்யாதீர்கள். பழக எனக்கு இரண்டு மூன்று மாதம் ஆனது, முதல் மாதம் பாத்ரூமில் அழுதேன். பயணத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தானே இருக்கிறது. இந்த முறை நாப்கினே எடுங்கள், பாக்கெட்டாக வேண்டாம். இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் எண்ணி எடுங்கள். மீதியை ஹொசப்பேட்டையில் வாங்கலாம், அது ஊர்தானே, காடு இல்லையே. கட்டிப்போட நாலைந்து பழைய செய்தித்தாள் துண்டும் வையுங்கள்.

கருங்கல்பாளையம் எழுதியது:

எல்லோரும் குறைக்கச் சொல்கிறீர்கள். எனக்கு நேர்மாறாக நடந்ததைக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஊரில் ராத்திரி ஒன்பது மணிக்கு லாட்ஜில் போய் நின்றேன். தோளில் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். வரவேற்பில் இருந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "லக்கேஜ் இல்லீங்களா? கூட யாரு வர்றாங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். ரூம் இல்லை என்றார். பின்னாலேயே வந்த குடும்பத்துக்குச் சாவி கொடுத்தார். பெரிய பெட்டியோடு போயிருந்தால் ஊரிலிருந்து வந்த பெண் என்று நினைத்திருப்பார்கள். சின்னப் பையோடு வந்தவள் வேறு ஏதோ.

நொய்யல் எழுதியது:

கருங்கல்பாளையம் சொல்வது உண்மை. எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் அதற்காக எட்டு கிலோ கூடச் சுமப்பது அந்த ஆளின் புத்திக்கு நாம் கூலி கொடுப்பது போல. நான் செய்வது: முன்கூட்டியே போன் செய்து "ஒரு பெண், தனியாக, இத்தனை இரவு" என்று வெளிப்படையாகச் சொல்லி முன்பணம் கட்டுவேன். பேசியவர் பெயரை எழுதி வைப்பேன். மறுக்கிறவர்கள் போனிலேயே மறுத்துவிடுவார்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் நிற்க வேண்டாம். முடிந்தவரை வெளிச்சம் இருக்கும்போதே ஊர் போய்ச் சேர்கிற ரயிலாகப் பார்ப்பேன்.

வண்டிக்காரன் எழுதியது:

நேற்று எல்லோரும் என்னைக் கிழித்துவிட்டீர்கள், பரவாயில்லை. கூட ஆளை அழைத்துப் போகச் சொன்னது தப்புத்தான், தங்கச்சி தனியாகப் போவது என்று முடிவு செய்துதானே கேட்டது. பட்டியலைத் திருத்துகிறேன். சங்கிலிப் பூட்டு ஒன்று போதும். கீழ் பெர்த்துக்கு அடியில் வளையம் இருக்கும், அதில் மாட்டுங்கள். விசில் வைத்துக்கொள்ளுங்கள், பத்து கிராம்தான். ரயிலில் ஏதாவது என்றால் 139, வெளியே என்றால் 112 அல்லது 181. இவை செல்போனில் மட்டும் இருந்தால் போதாது, போன் அணைந்தாலும் சொல்லத் தெரிய வேண்டும். பவர் பேங்க் 10,000 எம்ஏஹெச் ஒன்று. அது 200 கிராம் சுமார், 20,000 என்றால் இரு மடங்கு. மிளகு ஸ்ப்ரே உங்கள் இஷ்டம், ஆனால் எப்போதாவது விமானத்தில் போனால் கைப்பையில் விட மாட்டார்கள்.

ஆதார் அசலோடு இரண்டு நகல். லாட்ஜில் எப்படியும் கேட்பார்கள், ராத்திரியில் ஜெராக்ஸ் கடை தேடி அலைய வேண்டாம்.

பூனம்சேலை எழுதியது:

இப்போதுதான் அண்ணன் வழிக்கு வந்தார்.

கைத்தறிக்காரி எழுதியது:

ஒத்திகைக்கு இன்னொரு வழி. பையை மாட்டிக்கொண்டு காலை எட்டரை மணிக்கு டவுன் பஸ்ஸில் ஏறுங்கள். 2021-லிருந்து நமக்கு டிக்கெட் கிடையாது, செலவும் இல்லை. கூட்டத்தில் அரை மணி நேரம் நின்று, யார் மேலும் இடிக்காமல் இறங்க முடிந்தால் பை சரி.

வாய்க்கால்கரை எழுதியது:

டவுன் பஸ் தேர்வில் முதல் தடவை தோற்றேன். ஒரு பாட்டி "ஏன் கண்ணு, ஊட்ட உட்டுப் போட்டு ஓடறயா?" என்று கேட்டார். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது.

இரண்டாவது தடவை 6.8 கிலோ. பையும் சேர்த்து. குர்தா இரண்டு, டீஷர்ட் இரண்டு (ஒன்று தூங்க), பேன்ட் இரண்டு, உள்ளாடை நான்கு செட், ஈரிழைத் துண்டு, பெரிய துப்பட்டா, மெல்லிய ஸ்வெட்டர், பின்பட்டை வைத்த ஒரு ஜோடி செருப்பு. ஷூ வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன், கோயில் கோயிலாகக் கழற்றி மாட்ட முடியாது. தேங்காய் எண்ணெய் 50 மில்லி. அரை லிட்டரை அம்மா மூன்று முறை உள்ளே வைத்தார், நான் மூன்று முறை வெளியே எடுத்தேன். ஊறுகாயும் அவுட். பருப்புப்பொடி மட்டும் நூறு கிராம் சமாதானத்துக்கு.

இன்னொன்றும் செய்தேன். இரண்டு குர்தாவுக்கும் பக்கத் தையலில் பாக்கெட் வைத்துத் தரச் சொல்லி எங்கள் ஊர் டெய்லரிடம் கொடுத்தேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங் பாக்கெட்டு?" என்றார். பையைக் கீழே வைக்காமல் போன் எடுக்க என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, கையைவிட ஆழமாகத் தைத்துக் கொடுத்தார்.

வாய்க்கால்கரை எழுதியது (பயணம் முடிந்து):

திரும்பி வந்து நான்கு நாள் ஆகிறது. கேட்டவர்களுக்காக, பையில் இருந்தது என்ன ஆனது என்று மட்டும் எழுதுகிறேன்.

திறக்கவே திறக்காதது: விசில், இரண்டாவது பேனா, தையல் செட், ஒரு நாவல். பகலில் 30 டிகிரிக்கு மேல் வெயில், ராத்திரி வந்தால் தூக்கம். படிக்க எங்கே நேரம்? ஸ்வெட்டர் ஒரே ஒரு விடியற்காலை, ஹம்பியில் மாதங்க மலை உச்சியில் சூரியனுக்காக உட்கார்ந்திருந்தபோது உதவியது. அங்கேயும் துப்பட்டாவே போதுமாயிருந்திருக்கும்.

காணாமல் தவித்தது: மாற்றுச் செருப்பு. அதே மலையில் இறங்கும்போது வார் அறுந்தது. மீதியை வெறுங்காலில் இறங்கி, கீழே கடையில் ரப்பர் செருப்பு வாங்கினேன். அடுத்த முறை 200 கிராம் போனாலும் ஒரு ஹவாய் செருப்பு உண்டு.

துவைப்பது நினைத்ததைவிடச் சுலபம். ஹம்பி வெயிலில் பருத்திக் குர்தாவே இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது. துண்டில் சுருட்டி முறுக்குகிற வித்தை பாதாமியில் ஜன்னல் இல்லாத ரூமில்தான் தேவைப்பட்டது, அங்கே அது காப்பாற்றியது. பாதாமியில் குரங்குகள் கையில் பிளாஸ்டிக் கவர் தெரிந்தால் விடுவதில்லை. என் கண் முன்னால் ஓர் அம்மாவின் வாழைப்பழம் போனது. கச்சாயத்தை வீட்டிலேயே விட்டது நல்லதாகப் போயிற்று.

பருப்புப்பொடி: ஹொசப்பேட்டைக்கு ரயில் தாமதமாக வந்து இறங்கி, சாப்பாட்டுக் கடையில் சோறு மட்டும் மிச்சம் இருந்தது. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த முறை ஒரு கிலோ வைப்பார்.

நொய்யல் அக்கா, திரும்பும்போது பெங்களூரில் ராத்திரி இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். பையை மாட்டியபடியே உள்ளே போய் வந்தேன். கதவுக் கொக்கி உடைந்திருந்தது, ஒரு காலால் கதவைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் ஒரு லிட்டர் குடித்தேன்.

நொய்யல் எழுதியது:

அது போதும் கண்ணு.

கருங்கல்பாளையம் எழுதியது:

அந்த டெய்லர் கடை எங்கே என்று சொல்லுங்கள். என்னிடம் பாக்கெட் இல்லாத குர்தா ஏழு இருக்கிறது.

வாய்க்கால்கரை எழுதியது:

சொல்ல மாட்டேன் அக்கா. அம்மாவும் சித்தியும் பக்கத்து வீட்டு அக்காவும் ஏற்கெனவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்கள். நான் புதிதாகக் கொடுத்தது பங்குனியில்தான் கிடைக்குமாம்.